அரச கல்யாணம் பெரிய திரையில்: எதைப் போடலாம், எதைத் தாண்டலாம்?

செந்தூல் ஏழாம் மாடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க கொண்டோ மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அரச கல்யாணங்களைப் பெரிய திரையில் போடப் போறோம். 25 பேர் வருவாங்க, பெரும்பாலும் 60 தாண்டினவங்க. 5 மணிக்கு ஆரம்பிச்சு 7 மணிக்குள்ள முடிச்சாகணும். லண்டன் கல்யாணம் ஒண்ணு, நம்ம பக்கத்து மலாய் அரச கல்யாணம் ஒண்ணுன்னு திட்டம்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க: எந்தக் கல்யாணம், அதில் எந்தப் பகுதி? முழுசாப் போட்டா சர்ச் பாட்டிலேயே பாதிப் பேர் தூங்கிடுவாங்க. வர்ணனை ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் இருக்கு, அதனால ஒருத்தர் மைக் பிடிச்சுத் தமிழ்ல சொல்லணும். "ஆஹா, என்ன நகை, என்ன உடுப்பு"ன்னே ரெண்டு மணி நேரம் ஓட்ட முடியாதே! என்ன சொல்றதுன்னும் கொஞ்சம் எழுதுங்க. புரொஜெக்டர் இருக்கு, 100 அங்குலத் திரை. யூடியூப்பிலிருந்து போடுவோம்.

---

கரடித்தொப்பி எழுதியது:

லண்டனுக்கு 2011ஐ எடுங்க. வில்லியம்–கேத்தரின், ஏப்ரல் 29, வெஸ்ட்மின்ஸ்டர் அபே. 2018 ஹாரி–மேகன் கல்யாணம் நல்லாத்தான் இருக்கும், ஆனா அது வின்சரில் நடந்தது. பால்கனி காட்சியும் கிடையாது, விமான அணிவகுப்பும் கிடையாது. 1981 சார்ல்ஸ்–டயானா பிரமாண்டம்தான். ஆனா அந்தக் காலத்து டிவி படம் 100 அங்குலத்தில் கசகசன்னு இருக்கும். அதுல மூணு நிமிஷம் மட்டும் போதும், எதுன்னு கீழே சொல்றேன்.

2011 நிகழ்ச்சி மணி தவறாம நடந்தது. அதனால வெட்டி எடுக்கிறது சுலபம். லண்டன் நேரப்படி மாப்பிள்ளை 10:10க்குக் கிளம்பறார், பொண்ணு 10:51க்கு ஹோட்டலை விட்டு வர்றா, 11 மணிக்குச் சடங்கு. 12:15க்கு வண்டி ஊர்வலம், 12:30க்கு அரண்மனை, 1:25க்குப் பால்கனி, 1:30க்கு விமானங்கள். மலேசிய நேரத்துக்கு 7 மணி கூட்டிக்கங்க, குளிர்காலமா இருந்தா 8. 1981க்கும் இதே கணக்குதான்.

முழுசா விடவேண்டியது ரெண்டு துண்டு. முதல் துண்டு பொண்ணு காரை விட்டு இறங்கறதிலிருந்து உள்ளே நடந்து போற வரை. வாசலில் தங்கச்சி குனிஞ்சு உடுப்பின் வாலைத் தூக்கி, உதறி, கம்பளத்தில் நேரா விரிச்சுவிடுவா. அந்த வால் 2.7 மீட்டர். ரெண்டாவது துண்டு 12:15லிருந்து 12:30 வரைக்கும் வண்டி ஊர்வலம். சடங்கில் உறுதிமொழியும் மோதிரமும் முதல் அரை மணிக்குள்ளேயே வந்துடும். அதுல 8 நிமிஷம் போதும். மோதிரம் விரல் முட்டியில் மாட்டிக்கிட்டு இறங்க மாட்டேங்கும், வில்லியம் கொஞ்சம் அழுத்தித்தான் போடுவார். அங்க கேமரா கிட்டப் போகும், பேசாம விட்டுடுங்க, சபையே சிரிக்கும். பைபிள் வாசிப்பு, பிரசங்கம், கையெழுத்து எல்லாம் தாண்டலாம். பால்கனியிலிருந்து விமானம் வரை 8 நிமிஷம். முதல்ல வர்ற மூணும் இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்கள்: லங்காஸ்டர், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன். பால்கனியில் முன்னால ஒரு குட்டிப் பொண்ணு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு முகத்தைச் சுளிச்சுக்கிட்டு நிப்பா, அவளைக் காட்டிக் கொடுங்க. எல்லாம் சேர்த்தா 50 நிமிஷத்துக்குள்ள அடங்கும்.

இப்ப, மைக் பிடிக்கிறவர் என்ன சொல்றது? நகையை விட்டுட்டுப் பொத்தானை எண்ணச் சொல்லுங்க. வழி நெடுக நிக்கிற கரடித்தோல் தொப்பிக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி தெரிவாங்க, ஆனா அஞ்சு படைப்பிரிவு. சிவப்புச் சட்டைப் பொத்தான் ஒவ்வொண்ணா இருந்தா கிரனடியர், ரெண்டு ரெண்டா இருந்தா கோல்ட்ஸ்ட்ரீம், மூணு மூணா ஸ்காட்ஸ், நாலு நாலா ஐரிஷ், அஞ்சஞ்சா வெல்ஷ். தூரத்தில் பொத்தான் தெரியலைன்னா தொப்பி இறகு: கிரனடியருக்கு வெள்ளை, கோல்ட்ஸ்ட்ரீமுக்குச் சிவப்பு, ஐரிஷுக்கு நீலம், வெல்ஷுக்கு வெள்ளை–பச்சை–வெள்ளை, ஸ்காட்ஸுக்கு இறகே கிடையாது. இதைச் சொல்லிட்டு வில்லியம் சட்டையை நிறுத்திக் காட்டுங்க. நாலு நாலா இருக்கும். அவர் ஐரிஷ் கார்ட்ஸ் கர்னல் உடுப்பில் வந்தார். 70 வயசுக்காரங்களும் எழுந்து வந்து திரையில் விரல் வைப்பாங்க.

குதிரைப்படையில் ரெண்டே வகை. சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் குஞ்சம் லைஃப் கார்ட்ஸ், நீலச் சட்டைக்குச் சிவப்புக் குஞ்சம் புளூஸ் அண்ட் ராயல்ஸ். ஊர்வலத்தின்போது ஒரு குதிரை ஆளைத் தள்ளிவிட்டுத் தனியா ஓடும். அந்தப் பெரிய ஒழுங்குக்கு நடுவுல அதுவும் ஒரு அழகுதான், வெட்டிடாதீங்க.

1981லிருந்து அந்த மூணு நிமிஷம்: டயானா வண்டியை விட்டு இறங்கற காட்சி. உடுப்பின் வால் 25 அடி, துணி டஃபேட்டா பட்டு, மடிச்சா மடிப்பு நிக்கும். அதை கிளாஸ் கோச்ங்கிற சின்னக் கண்ணாடி வண்டிக்குள்ள, பக்கத்தில் அப்பாவையும் உட்கார வெச்சுத் திணிச்சுக் கொண்டுவந்தாங்க. இறங்கும்போது உடுப்பெல்லாம் சுருக்கம், அதைத் தோழிப் பொண்ணுங்க இழுத்து இழுத்து விடுவாங்க. 2011ல கண்ணாடி பெருசா இருக்கிற காரில் வந்ததும் வால் மூணில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலா இருந்ததும் இதோட சேர்த்துப் பார்த்தாத்தான் புரியும். ரெண்டு கல்யாணத்திலும் திரும்பிப் போன வண்டி ஒண்ணேதான், 1902 ஸ்டேட் லாண்டோ. ரெண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டு "வண்டியைப் பாருங்க, மணமக்களைப் பார்க்காதீங்க"ன்னு சொல்லிப் பாருங்க.

---

பழைய கடிகாரம் எழுதியது:

தொப்பி அண்ணே, ஒரே ஒரு திருத்தம். 1981க்கு 7 மணி கூட்டக்கூடாது. தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளினது 1982 ஜனவரி 1 அன்னைக்குத்தான். அதுக்கு முன்னாடி நாம கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால இருந்தோம். அதனால 1981 ஜூலையில் லண்டன் காலை 11 மணின்னா இங்க சாயங்காலம் 5:30, ஆறு இல்லை. வர்றவங்கள்ல யாராவது "அப்ப வேலை விட்டு வந்த நேரம்"னு கணக்குச் சொன்னா இதை வெச்சுக்கங்க.

---

பாக்குமரம் எழுதியது, பினாங்கிலிருந்து:

மலாய்ப் பக்கத்துக்கு புருணை போடுங்க. இளவரசர் அப்துல் மத்தீன் கல்யாணம், 2024 ஜனவரி 7லிருந்து 16 வரை, பத்து நாள். உங்களுக்கு வேண்டியது மூணே நாள்: பெர்பெடாக், அகாட் நிகா, பெர்சாண்டிங். நேர வித்தியாசமும் இல்லை.

நம்ம பெரியவங்களுக்கு லண்டனைவிட இதுதான் சட்டுனு ஒட்டும். ஏன்னு ஒவ்வொண்ணா.

பெர்பெடாக்னா மணமக்களுக்கு நிறம் நிறமா வாசனைப் பொடிக் குழைச்சல் பூசி ஆசீர்வதிக்கிறது. தமிழ்ல விளக்கவே வேணாம், "நலங்கு"ன்னு ஒரு வார்த்தை போதும். பூசற வரிசையைக் கவனிக்கச் சொல்லுங்க: உயர்ந்த நிலையில் இருக்கிறவங்க முதல்ல. வயசைவிடப் பதவி முந்தும். இது 6 நிமிஷம்.

அகாட் நிகா ஜனவரி 11, ஒமார் அலி சைபுதீன் பள்ளிவாசலில், தங்கக் குவிமாடம் இருக்குமே அது. இங்கதான் எல்லாரும் தவறாம கேக்கிற கேள்வி வரும்: "பொண்ணு எங்க?" நிகா ஒப்பந்தம் மாப்பிள்ளைக்கும் பொண்ணோட வாலிக்கும், அதாவது பாதுகாவலருக்கும் நடுவுல. பொண்ணு பக்கத்தில் உட்காரணும்னு கட்டாயம் இல்லை. அதை முன்னாடியே சொல்லிட்டா தேடிக்கிட்டு இருக்க மாட்டாங்க. மாப்பிள்ளை ஒரே மூச்சில் ஏற்புச் சொல் சொல்றது தாலி கட்டற நிமிஷம் மாதிரி. அரை நிமிஷம்தான், கண்ணை எடுத்தா போச்சு. அதனால அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே மைக்கில் பேசறதை நிறுத்திடணும்.

மாஸ் காவின், அதாவது மாப்பிள்ளை பொண்ணுக்குக் கொடுக்கிற மணக்கொடை, அதைப் பத்திக் கண்டிப்பாக் கேப்பாங்க. அரச குடும்பம்னா லட்சக்கணக்கில் இருக்கும்னு நினைப்பாங்க. 2017 ஆகஸ்ட் 14ல ஜொகூர் இளவரசி துங்கு துன் அமீனாவுக்கு, மாப்பிள்ளை நெதர்லாந்துக்காரர், மாஸ் காவின் 22 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. ஜொகூர் அரச வழக்கம் அது. இதை நடுவில் ஒரு தகவலா சொன்னீங்கன்னா மண்டபத்தில் பேச்சு களைகட்டும், அடக்கறதுதான் கஷ்டம்.

ஜனவரி 14 பெர்சாண்டிங்தான் உச்சம். இடம் இஸ்தானா நூருல் ஈமான், 1,788 அறைகள். விருந்தாளி வரிசையில் நம்ம பிரதமர் அன்வார், சிங்கப்பூரின் லீ சியன் லூங், இந்தோனேசியாவின் ஜொகோவி, பூட்டான் மன்னர் எல்லாம் வருவாங்க. யார் முதல்ல அடையாளம் சொல்றாங்கன்னு போட்டி வைக்கலாம். அப்புறம் ஊர்வலம், திறந்த ரோல்ஸ் ராய்ஸில், பந்தர் ஸ்ரீ பெகவான் வீதியில்.

பெர்சாண்டிங்கில் கண் எங்க போகணும்னு சொல்றேன். மணமக்கள் பெலாமினில், அதாவது மணமேடையில், உட்கார்ந்திருப்பாங்க, அசையவே மாட்டாங்க. "ஏன் சிரிக்கலை, சண்டையா?"ன்னு யாராவது கேப்பாங்க. ராஜா ராணி மாதிரி அடக்கமா வீற்றிருக்கிறதுதான் முறை. முகத்தை விட்டுட்டு மடியைப் பார்க்கச் சொல்லுங்க. உள்ளங்கை மேல் பார்த்து இருக்கும். பெரியவங்க வந்து மஞ்சள் கலந்த அரிசி தூவுவாங்க, அது பெராஸ் குன்யிட், நம்ம அட்சதையேதான். இலைக்கட்டை வாசனைத் தண்ணியில் தோய்த்துத் தெளிப்பாங்க, அது தெபுங் தாவார். பன்னீர் தெளிக்கிறது மாதிரின்னு சொல்லிடலாம், ஆனா முழுசா அதே அர்த்தம்னு சொல்லிடாதீங்க, இது காப்புக்கும் ஆசிக்கும். வெற்றிலைத் தட்டு, தெபாக் சீரே, இல்லாத மலாய்க் கல்யாணம் கிடையாது. சீர்த்தட்டு எண்ணிக்கையும் ஒத்தைப்படையா வெப்பாங்க, மாப்பிள்ளை வீட்டுல 5ன்னா பொண்ணு வீட்டுல 7ன்னு.

இன்னொண்ணு, பாயோங் குனிங். மஞ்சள் குடை யார் தலைக்கு மேல போகுதோ அவங்க அரச குடும்பம். நூறு பேர் நடக்கிற கூட்டத்தில் முக்கியமானவங்களைக் கண்டுபிடிக்க அது ஒண்ணு போதும், முகம் தெரிய வேண்டாம்.

சத்தத்தைப் பத்தி: நோபாட், அதாவது அரண்மனை வாத்தியக் குழு, வாசிக்கும்போது ஒலியைக் குறைக்காதீங்க. முரசும் நீண்ட வெள்ளி ஊதலும் சேர்ந்து ஒரு மாதிரி இழுத்து வரும், முதல் தடவை கேக்கறவங்களுக்கு ஒத்துவராத மாதிரி இருக்கும். அது பாட்டு கச்சேரி இல்லை, அரச சின்னம். நம்ம நாட்டில் கெடா, பேராக், சிலாங்கூர், திரெங்கானுவில் இருக்கு. கோயிலில் கொட்டுமேளம் எப்ப வாசிப்பாங்கன்னு நமக்குத் தெரியும் இல்லையா, அதே போல இதுவும் நிகழ்ச்சியோட ஒரு கட்டம் ஆரம்பிக்குதுன்னு அறிவிக்கிறது.

மலாய் வர்ணனையை முழுசா ஊமையாக்காதீங்க. நம்ம பெரியவங்களுக்குச் சந்தை மலாய் தெரியும், அரண்மனை மலாய்தான் தெரியாது. ஆறு சொல் போதும்: பெராங்காட்னா எழுந்தருளுவது, பெர்செமாயாம்னா வீற்றிருப்பது, சந்தாப்னா சாப்பிடுவது, பெத்தான்னா மன்னர் "நான்"னு சொல்றது, பாத்திக்னா குடிமக்கள் மன்னர்கிட்ட "நான்"னு சொல்றது, ஜுன்ஜோங் காசேன்னா நன்றி. கூடவே ரெண்டு சொல்லைச் சும்மா காதில் போட்டு வையுங்க: சிங்காசானா, பெர்மாய்சூரி. சிங்காசனமும் பரமேஸ்வரியும்தான். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க.

---

எச்டிஎம்ஐ வாத்தியார் எழுதியது:

உள்ளடக்கம் ஆச்சு, கருவிக்கு வர்றேன். சுருக்கமா.

முதல் எதிரி வெளிச்சம். சாயங்காலம் 5 மணிக்குக் கண்ணாடிச் சன்னல் மண்டபத்தில் 100 அங்குலத்துக்கு 3,000 லூமன்ஸுக்குக் குறைஞ்ச புரொஜெக்டர் வெளிறும். திரை மேல நேரா வெளிச்சம் விழற சன்னல்தான் கெடுக்கும், அதை முதல்ல மூடுங்க. லண்டன் பகுதியை ரெண்டாவதா வைக்க நினைச்சா, நேர்மாறா வைங்க: புருணை உள்ளரங்கக் காட்சி இருட்டு கூடுதல், அது 6 மணிக்கு மேல இருக்கட்டும்.

ரெண்டாவது, நிற முறை. வெளிச்சம் பத்தலைன்னு எல்லாரும் "டைனமிக்" முறையில் போடுவாங்க. பல புரொஜெக்டரில் அது பச்சையைத் தூக்கும். விளைவு, அரச மஞ்சள் எலுமிச்சைப் பச்சையாகிடும், காவல் படைச் சிவப்பு செங்கல் நிறமாகிடும். பாக்குமரம் அக்கா சொன்ன மஞ்சள் குடையும் தொப்பி அண்ணன் சொன்ன சிவப்பும் ரெண்டும் போச்சு. "சினிமா" அல்லது "ஸ்டாண்டர்ட்" முறைக்கு மாத்துங்க, கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.

மூணாவது, யூடியூப் அசைவு. ஐரோப்பிய ஒளிபரப்பு நொடிக்கு 50. அதைச் சிலர் 25 ஆக்கியோ 30 ஆக்கியோ ஏத்தியிருப்பாங்க. அப்படி இருந்தா அணிவகுப்புக் கால்களும் குதிரைக் கால்களும் வெட்டி வெட்டித் தெரியும், தலை வலிக்கும். தர அமைப்பில் "50"ன்னு முடியற பதிவு கிடைச்சா அதை எடுங்க. 1981 படம் பழைய 4:3 சட்டம். திரை முழுக்க இழுத்துவிட்டா டயானாவும் குண்டாகிடுவாங்க, வண்டிச் சக்கரமும் முட்டை வடிவமாகிடும். சக்கரம் வட்டமா இருக்கான்னு பார்த்துச் சரி செய்யறதுதான் சுலபம்.

ஒலிக்கு புளூடூத் வேண்டாம். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். உறுதிமொழி நேரத்தில் அப்பட்டமாத் தெரியும். ஒயர் போட்டு மண்டப ஒலிபெருக்கிக்குக் கொடுங்க. தமிழ் மைக் பேசும்போது மூல ஒலியை மூணில் ஒரு பங்காக் குறைச்சா போதும், அணைக்கக்கூடாது. குளம்புச் சத்தமும் மணியோசையும் போச்சுன்னா ஊர்வலம் ஊமைப்படம். எச்டிஎம்ஐ ஒயர் 10 மீட்டருக்கு மேல போனா சாதாரண ஒயர் நட்சத்திரம் நட்சத்திரமாத் தெறிக்கும், இல்லைன்னா நொடி நொடியாக் கறுப்பாகும். நீளம் வேணும்னா ஆப்டிக்கல் வகை வாங்குங்க, அதுக்குத் திசை உண்டு, "சோர்ஸ்"னு எழுதின முனை கணினிப் பக்கம்.

பின்னாடி எப்பவாவது நேரலை போட்டீங்கன்னா ஒண்ணு ஞாபகம் வையுங்க: கோலாலம்பூரில் ஏப்ரல் சாயங்காலம்னா இடிமழை. அஸ்ட்ரோ டிஷ் மழையில் சிக்னல் விடும், டிஷ்ஷைத் திருப்பினாலும் தீராது, மழையே அலையை உறிஞ்சிடுது. ஆர்டிஎம் காட்டுற நிகழ்ச்சியா இருந்தா மைஃப்ரீவியூ யுஎச்எஃப் ஆண்டெனா நிக்கும். இணைய நேரலை கொஞ்சம் பின்தங்கி வரும், பக்கத்து வீட்டு டிவி முன்னாடியே கைதட்டிடும், அவ்வளவுதான்.

---

செந்தூல் ஏழாம் மாடி எழுதியது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். வரிசை இப்படி வெச்சிருக்கேன்: 5:00 லண்டன் 50 நிமிஷம் (1981 துண்டு நடுவில்), 5:50 தேநீர் 15 நிமிஷம், 6:05 புருணை 45 நிமிஷம். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, மஞ்சள் சரியா வந்திருக்கான்னு எதை வெச்சுப் பார்க்கிறது? ரெண்டு, 2018 ஹாரி கல்யாணத்தை முழுசா விட்டுடறதா? மேகன் முக்காட்டைப் பத்தி ஒருத்தங்க ஆவலாக் கேட்டாங்க.

---

கரடித்தொப்பி எழுதியது:

முக்காட்டுக்கு மட்டும் ஒரு நிமிஷம் தரலாம். அஞ்சு மீட்டர், ஓரம் முழுக்க 53 காமன்வெல்த் நாட்டுப் பூ கையால தைச்சது. இந்தியாவுக்குத் தாமரை, இலங்கைக்கு நீல அல்லி, சிங்கப்பூருக்கு அவங்க ஆர்க்கிட். ஆனா ஓடற படத்தில் பூ தெரியாது. வெள்ளை வலையில் வெள்ளை நூல். தேவாலயப் படிக்கட்டில் முக்காடு விரியற காட்சியை நிறுத்தி, ஓரத்தின் கிட்டப் படம் ஒண்ணை அடுத்து வையுங்க. அதைத் தேநீர் நேரத்துக்கு முன்னாடி போட்டா நல்லது, பேசிக்கிட்டே எழுந்து போவாங்க. 1981 திருத்தத்துக்கு நன்றி, கடிகாரம் அண்ணே, அரை மணி மறந்தே போச்சு.

---

எச்டிஎம்ஐ வாத்தியார் எழுதியது:

மஞ்சளுக்குச் சமையலறையிலிருந்து மஞ்சள்தூள் பொட்டலம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. குடை வர்ற காட்சியை நிறுத்தி, பொட்டலத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடிச்சு, நிறத்தை அதுக்குக் கிட்ட கொண்டு வாங்க. ஆள் வந்து உட்கார்றதுக்கு முன்னாடி, திரைச்சீலை எல்லாம் மூடின பிறகு இதைப் பண்ணணும். திறந்து வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் மூடினா நிறம் வேற மாதிரித் தெரியும்.